ஏரி ஏறுவதற்குள்

மலைப் பள்ளிக்கூடம்,
14 அக்டோபர் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

வண்ணி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, தலை மட்டும் இன்னும் சுற்றுகிறது. நான் புறப்பட்ட அன்று நீ இருமிக்கொண்டிருந்தாயே, விட்டதா?

புர்சாத் நகரச் சந்தையிலிருந்து இங்கே வர மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பகல் முழுக்க ஆனது. வழியில் மூன்று பாலங்கள். அதில் இரண்டு இல்லை. புத்தகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தேன். அந்தப் பகலில் எனக்குப் பழக்கமான இடம் அது ஒன்றுதான்.

தலை சுற்றுவதற்குக் காரணம் தரை அசையாமல் இருப்பது. படுத்தால், யாரோ வீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விட மறுப்பதுபோல் இருக்கிறது. லூன் அத்தை என்பவரின், தூண்கள்மேல் நிற்கும் மரவீட்டில், மேலே ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். விதவை. காட்டில் ஏலக்காய் பொறுக்குவதும் மூங்கில் வெட்டுவதும் தொழில். வாய் பெரிது. முதல் நாள் காலை சோறு வடித்த கஞ்சியை நம் வீட்டுப் பழக்கத்தில் ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டேன். கீழே அவர் உட்கார்ந்து ஏலக்காய் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அடியே ஏரிக்காரி! இங்க மீன் இல்லடி, நான்தான் இருக்கேன்!"

ஜன்னலிலிருந்தே கைகூப்பினேன்.

"கும்பிடெல்லாம் அப்புறம். மொதல்ல துணி கொண்டா."

பள்ளியில் நாற்பத்தொரு பிள்ளைகள். "டீச்சர், உங்க ஊர்ல வீடெல்லாம் ஓடிப் போயிடுமாமே?" என்று கேட்டார்கள். ஓடாது, ஏரிமேல் மிதக்கும், தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் ஊரோடு சேர்ந்து நடக்கும் என்றேன். கண்ணை மூடினால் நம் வரிசை அப்படியே தெரிகிறது. தலையிலிருந்து வால் வரை அறுபத்திரண்டு வீடு. எத்தனை முறை நகர்ந்தாலும் நாம் நாலாவது, பாண் அண்ணன் வீட்டுக்கும் ஐஸ் கடைக்கும் நடுவில்.

அம்மா அப்பா போன பிறகு பதினோரு வருடம் நீ கழி ஊன்றினாய், நான் புத்தகத்தோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். இங்கே வகுப்பில் நிற்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது. தண்ணீர் இறங்கும்போது தனியாக எப்படி நகர்த்தப் போகிறாய்? பாண் அண்ணனைக் கூப்பிட்டுக்கொள்.

வணக்கத்துடன்,
உன் தங்கை வண்ணி

*

ஏரி,
2 டிசம்பர் 2001

அன்புத் தங்கை வண்ணிக்கு,

அக்கா சோக்கிம் எழுதுவது. நான் நலம். வீடும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதம் சந்தையில் உப்புக் கடைக்காரரிடம் பத்து நாள் கிடந்திருக்கிறது. கேட்டால், "மலைத் தபால்னா மெதுவாத்தான் எறங்கும்" என்கிறார். கஞ்சி விஷயத்தைப் படகில் அரிசிச் சேவை விற்கப் போன இடமெல்லாம் சொல்லிவிட்டேன். இப்போது ஊரே சிரிக்கிறது. ஊற்றும் முன் கீழே பார்ப்பது அந்த ஊர் வழக்கம்போல. பழகிக்கொள்.

தண்ணீர் இறங்கிவிட்டது. நகர்ந்தாயிற்று. எனக்கு ஒரு சிரமமும் இல்லை. தலைநகரத்துப் படகுப் போட்டியை சரின் பெரியப்பா வீட்டு ரேடியோவில் கேட்டுக்கொண்டே சேவை பிழிந்தேன். மூன்று நாளும் ஒரு வார்த்தை விடவில்லை. இருமல் போய்விட்டது.

குளிர் என்று கேள்விப்படுகிறேன். என் பழைய கம்பளிச் சட்டையை உப்புக் கடையில் கொடுத்திருக்கிறேன். அளவு பெரிது. இரண்டு பேர் போடலாம், உன் வீட்டுக்காரம்மாவையும் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

மலைப் பள்ளிக்கூடம்,
22 டிசம்பர் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டை வந்தது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி? ராத்திரியில் ஏரிக்காற்று அடிக்கும், கதவைச் சாத்திப் படு.

போன ஞாயிற்றுக்கிழமை லூன் அத்தையோடு மூங்கில் காட்டுக்குப் போனேன். அக்கா, உனக்குத் தெரியுமா, மூங்கில் நின்று நான் பார்த்ததே இல்லை! நமக்கு அது எப்போதும் படுத்த மரம். வீட்டுக்கு அடியில் கட்டுக்கட்டாய்க் கறுத்துப் பாசி பிடித்துக் கிடக்கும். ஆறு அதைக் கொண்டுவரும், நாம் வாங்குவோம். அதற்கு முன் அது எங்கே இருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இங்கே அது வானத்துக்குப் போகிறது. காற்றில் ஒன்றோடொன்று உரசும் சத்தம், படகுகள் கட்டிப்போட்ட இடத்தில் கேட்கும் சத்தமேதான். இந்த மலைமேல்தான் நான் இருபத்து மூன்று வருடம் தூங்கியிருக்கிறேன். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

"என்னடி, மரத்தப் பாத்துக் கண்ணு கலங்குது? காதலா?" என்றார் அத்தை.

நன்றி என்றேன். யாருக்கு என்று கேட்டார். பக்கத்து மூங்கிலைத் தொட்டுக் காட்டினேன்.

ஒன்று கேட்க வேண்டும். சரின் பெரியப்பா வீடு வாலில், கடைசிக்கு முந்தியது. அந்த ரேடியோ நாலாவது வீட்டில் உனக்கு எப்படிக் கேட்டது?

வணக்கத்துடன்,
வண்ணி

*

ஏரி,
3 பிப்ரவரி 2002

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். வீடும் நலம். பதில் தாமதம், கோபிக்காதே. மீன் காலம், உனக்கே தெரியும். மீனுக்கு மாற்றிக்கொள்ளச் சமவெளியிலிருந்து அரிசி மூட்டையோடு வண்டிக்காரர்கள் வந்து கரையில் வரிசையாக நிற்கிறார்கள். மீன் தலை கிள்ளிக் கிள்ளி என் விரல் நுனியில் தோல் இல்லை. எல்லோருக்கும் பசி, எல்லோரும் சேவை கேட்கிறார்கள். மீன் விழுது இரண்டு ஜாடி போட்டு வைத்திருக்கிறேன்.

ரேடியோவா? புதிது வாங்கியிருக்கிறார்கள். சத்தம் அதிகம்.

நீ மூங்கிலைப் பார்த்து அழுததைப் படித்துச் சிரித்தேன். பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. பன்றிகளும் விடவில்லை, விடியும்வரை ஒரே கத்தல்.

பிள்ளைகளை அடிக்காதே. அன்புடன்,
அக்கா

*

மலைப் பள்ளிக்கூடம்,
16 பிப்ரவரி 2002

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படி என்று எழுதுகிறாய்.

நம் ஊரில் பன்றிக் கூண்டுகள் மிதப்பது ஒரே இடத்தில், வாலுக்குப் பின்னால். நாற்றம் வீடுகளுக்கு வரக்கூடாது என்று ஊர் கூடி வைத்த இடம். நாலாவது வீட்டில் படுத்திருக்கும் ஒருத்திக்குப் பன்றி கத்துவது கேட்காது.

நீ எங்கே இருக்கிறாய்?

வண்ணி

*

ஏரி,
20 மார்ச் 2002

வண்ணிக் கண்ணு,

பெரியப்பா சரின் பேசுறேன். எனக்கு எழுத்து வராது, நான் சொல்லச் சொல்ல மருமக எழுதுறா. நாங்க எல்லாரும் சௌக்கியம். ஒன் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, அது எப்பவும் இருக்கிறதுதான்.

ஒங்க அக்கா ஒன் கடுதாசிய அரிசிப் பானைக்கு அடியில வச்சிருக்கா. ஒரு மாசமாச்சு. எடுத்துப் படிக்கிறா, மறுபடி வைக்கிறா. என்னடி அதுன்னு கேட்டா, "ஒண்ணுமில்ல பெரியப்பா"ங்கிறா. இந்த ஒண்ணுமில்லங்கிற வார்த்தைய அவ எத்தன வருஷமா சொல்லிட்டிருக்கா! அதனால நான் சொல்றேன். திட்டினா திட்டட்டும்.

ஒங்க வீட்டு அடி மூங்கில் போயிடுச்சு கண்ணு. இப்ப இல்ல, போன ஆகஸ்டுலயே. மேற்குப் பக்கம் நாலு கட்டு மொத்தமா உளுத்துப் போச்சு. சமையக்கட்டுல தண்ணி ஏறுச்சு. நீ வேலைக்கான உத்தரவு வந்த சந்தோஷத்துல இருந்த. ஒனக்குத் தெரிஞ்சா போக மாட்டேன்னு, "பலகை பழசு, அதான் ஈரம்"னு சொல்லிட்டா. நீ பொறப்பட்ட மறுநாள் எங்கிட்ட வந்தா. "பெரியப்பா, ஒங்க வீட்டோட என் வீட்டக் கட்டிக்கிறேன்"னா. அப்ப இருந்து எங்க மூங்கில்தான் ரெண்டு வீட்டையும் தாங்குது. அதான் ரேடியோவும் பன்னியும். (மாமா ரேடியோ புதிது இல்லை, பழையதுதான். இது நான். மருமகள்.)

இப்ப தண்ணி கொறச்சல், வீடு சேத்துல ஒக்காந்திருக்கு, பயமில்ல. ஏரி ஏறும்போது எல்லா வீடும் எழும்பும், ஒங்க வீடு எழும்பாது. எங்க வீட்டையும் சேத்து இழுக்கும். அவளே அதச் சொல்லிட்டா, "ஜூன் மாசம் பலகையப் பிரிச்சுடலாம் பெரியப்பா, கரையில எங்கயாச்சும் குடிச போட்டுக்கிறேன்"னு. தரையில! சோக்கிம்! அவ கரைக்குப் போய் மொளகா வாங்குறதுக்கே முகத்தச் சுளிப்பா.

நான் சொன்னேன்னு சொல்லாத. சொன்னாலும் பரவால்ல.

இப்படிக்கு,
சரின் பெரியப்பா

*

மலைப் பள்ளிக்கூடம்,
29 மார்ச் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை உன் உடம்பைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. கேட்டால் ஒரே பதில்தான் வரும். பெரியப்பா எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே.

இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். ஏரிக்கே மாற்றல் கேட்டு மனு எழுதினேன். மூன்றாம் நாள் காலை மனுவை எடுத்துக்கொண்டு இறங்கியபோது லூன் அத்தை, "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் யாரிடமும் அப்படிப் பேசுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும்.

"மூங்கில்தான பிரச்சன?" என்றார். "சோத்துப் பானை முன்னாடி ஒக்காந்துகிட்டுப் பசிக்குதுன்னு அழுவியா நீ?"

அவரும் அவர் அண்ணன் தூச்சும் வெட்டித் தருகிறார்கள். கூலி என்ன என்றேன். மீன் விழுது என்றார். உன் இரண்டு ஜாடியும் போயிற்று என்று வைத்துக்கொள்.

ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, ஆறு இப்போது முழங்கால்கூட இல்லை. மூங்கில் மிதந்து வர மலையில் முதல் மழை பெய்ய வேண்டும். அது மே கடைசியிலும் வரும், ஜூன் பாதியிலும் வரும். ஏரி ஏறுவதோ ஜூன் கடைசியில். நடுவில் கிடைக்கும் சில நாட்கள்தான் நமக்கு. கிடைக்காமலும் போகலாம்.

இரண்டாவது, அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். வீட்டுக்கு வெட்டும் மூங்கில் என்றால், அந்த வீட்டில் இருக்கப் போகிறவர் புதரின் முன் வந்து நின்று, எங்கே கொண்டுபோகிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் கத்தி வைக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன் என்றேன். "நீ இருக்கிறது என் வீட்டுல. அங்க இருக்கிறவ வரட்டும்" என்கிறார்.

புத்தாண்டுக்கு மூன்று நாள் விடுமுறை. வா அக்கா. நீ எனக்காகப் பதினோரு வருடம் செய்ததற்கு நான் எதையும் திருப்பித் தந்துவிட முடியாது. தரவும் நினைக்கவில்லை. நீ ஒருமுறை இந்த மலையில் நிற்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மனு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

வண்ணி

*

ஏரி,
6 ஏப்ரல் 2002

வண்ணி,

நான் நலமில்லை. இடது தோள் நவம்பரிலிருந்து வலிக்கிறது, கையைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. இருமல் போகவில்லை. வீடு பாதி சேற்றில் இருக்கிறது. ராத்திரி பலகை முனகும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். போதுமா?

மனுவைக் கொடுத்தாயானால் வீட்டை நானே பிரித்து அடுப்பில் வைப்பேன்.

வருகிறேன். மலையில் பாம்பு உண்டா?

அக்கா

*

ஏரி,
28 ஏப்ரல் 2002

அன்புத் தங்கை வண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். லூன் கட்டிய பச்சிலைப் பற்று தோளுக்குக் கேட்கிறது, அதன் நாற்றம் பன்றிகளுக்கே பொறுக்கவில்லை. இருமல் பாதி. இனி உள்ளதை எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் பாதி என்றால் பாதி.

நேரில் பேச வராதது எழுத வருகிறது. அங்கே மூன்று நாளும் எதிரெதிரே உட்கார்ந்து ஏலக்காய்தான் பிரித்தோம். நீ ஒன்றும் கேட்கவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று.

மோட்டார் சைக்கிளில் ஏறும்போது கண்ணை மூடினவள், நீ கையைத் தட்டி "இறங்கு அக்கா" என்றபோதுதான் திறந்தேன். எங்கே பார்த்தாலும் மேடு. எதிர்க்கரையே இல்லாத இடத்தில் பிறந்தவளுக்கு நாலு பக்கமும் சுவர் வைத்ததுபோல் மூச்சு முட்டியது. முதல் ராத்திரி உன் பாயில் படுத்துக்கொண்டு, இங்கேயா இந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் காலை, விடுமுறையிலும், நீ பள்ளிக்கூடத்தின் பக்கம் நடந்தாய். நாலைந்து பிள்ளைகள் உன் பையை வாங்கிக்கொள்ளச் சண்டை போட்டார்கள். நீ காலைப் பார்க்காமலே கல்லைத் தாண்டி நடந்தாய். நம் வீட்டு விளிம்பில் நடப்பதுபோல. அப்போது மூச்சு சரியாயிற்று.

லூனை எனக்குப் பிடித்திருக்கிறது. "ஒன் தங்கச்சி என் தலையில கஞ்சி ஊத்தினவ" என்றாள் முதல் வார்த்தையாக. "நல்லவேள, மீன் கழுவின தண்ணி இல்ல" என்றேன். அதோடு சரியாகிவிட்டது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே கிடந்த பழைய மூங்கில் மேல் ஏறி நின்று மிதித்துப் பார்த்ததை அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாள். "மரத்தக் கையால தட்டிப் பாப்பாங்க, இவ என்னடி காலால பாக்கிறா?" எனக்கு மூங்கில் காலில்தான் தெரியும். எது கனமானது, எது மிதக்கும் என்று பாதம் சொல்லிவிடும். உங்கள் மலையின் தடித்த மூங்கில் பார்க்க அழகு, வீட்டுத் தூணுக்கு ஆகும், ஏரிக்கு ஆகாது. மெல்லிய சுவர், பெரிய வயிறு, அதுதான் வேண்டும் என்று நான் சொன்னபோது தூச் அண்ணன் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்.

புதரின் முன் நிற்கச் சொல்லி நீங்கள் மூவரும் தள்ளிப் போனீர்களே, அப்போது என்ன சொன்னேன் என்று நீ கேட்கவே இல்லை. ஒரு மரத்திடம் எப்படி வழி சொல்வது? பிறகு ஒவ்வொரு வீடாகச் சொன்னேன். தலையில் கூமார் வீடு, அடுத்து படகுப் பழுதுக்காரர், பாண், பிறகு நாங்கள், பிறகு ஐஸ் கடை. வரிசையாக. முப்பதாவது வீட்டில் லூன் மட்டும் கிட்ட வந்து, "போதும்மா, பாதி ஊரு போதும், அது வழி கண்டுபிடிச்சுக்கும்" என்று கத்தினாள்.

இருநூற்று நாற்பது மூங்கில் உன் ஆற்றங்கரையில் கிடக்கிறது. இங்கே வானத்தில் ஒரு மேகம் இல்லை. நீ அங்கே பார்த்துக்கொண்டிரு.

அன்புடன்,
அக்கா

*

மலைப் பள்ளிக்கூடம்,
9 ஜூன் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி? உள்ளதை எழுது. எனக்கு நாலு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. பார், நானும் எழுதுகிறேன்.

மே மாதம் முழுக்க மழை ஏமாற்றியது. தினமும் பிற்பகலில் இருட்டிக்கொண்டு வரும், மலைக்கு அந்தப் பக்கம் பெய்துவிட்டுப் போகும். வகுப்பு நடுவில் நான் ஜன்னலையே பார்ப்பதைக் கண்டு பிள்ளைகளும் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கணக்கு ஒன்றும் நடக்கவில்லை. லூன் அத்தை, "மேகத்த மொறைக்காதடி, அது ஒன் மாணவன் இல்ல" என்றார். ஆனால் விடியும் முன்பே ஆற்றுக்குப் போய் ஒரு குச்சியை நட்டு அளந்துகொண்டிருந்தவர் அவர்தான்.

நேற்று முன்தினம் பெய்தது. ராத்திரி முழுக்க, நேற்றுப் பகல் முழுக்க. ஆறு செம்மண்ணாய்க் கிளம்பியது. இன்று காலை தூச் அண்ணனும் இன்னொருவரும் மூங்கிலை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தெப்பமாகக் கட்டி ஏறி நின்றார்கள். பள்ளிக்கூடம் முழுவதும் கரையில். தெப்பம் வளைவில் திரும்பி மறையும்வரை பிள்ளைகள் கத்தினார்கள். நான் கத்தவில்லை. என் கால் கூசியது, அக்கா. எட்டு மாதத்தில் முதல்முறையாகத் தரை லேசாக ஆடியதுபோல் இருந்தது.

மறைந்த பிறகுதான் பயம் வந்தது. அங்கே ஏரி ஏற ஆரம்பித்துவிட்டதா? சாலை மறுபடி துண்டிக்கப்பட்டுவிட்டது, மோட்டார் சைக்கிள்காரர் வர மாட்டார். இந்தக் கடிதத்தைத் தூச் அண்ணனின் சட்டைப் பையில் வைக்கக் காலையிலேயே எழுதியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இந்தக் கடிதத்துக்கு முன்னால் மூங்கில் வந்து சேரும்.

மனுவைக் கிழித்துவிட்டேன். அடுத்த வருடமும் இங்கேதான். ஆகஸ்டில் விடுமுறை, வருகிறேன்.

வண்ணி

*

ஏரி,
2 ஜூலை 2002

அன்புத் தங்கை வண்ணிக்கு,

தோள் வலி இருக்கிறது. இருமல் போய்விட்டது, நிஜமாகவே. நேற்றிலிருந்து ஜலதோஷம்.

உன் கடிதத்துக்கு எட்டு நாள் முன்னால் மூங்கில் வந்தது. தூச் அண்ணன் வாய்க்கால் முனையில் நின்று ஆள் ஆளாக என் பெயரைக் கேட்டிருக்கிறார். மூன்றில் ஒரு தெப்பம் வழியில் அவிழ்ந்து பாதி போய்விட்டது. பாண் அண்ணன் வீட்டில் மிச்சம் வைத்திருந்த மூங்கிலைக் கொடுத்தார்கள். அன்றைக்கே ஏரி ஒரு கணுக்கால் அளவு உயர்ந்துவிட்டது.

ஆறு நாள் வேலை. ஆண்கள் முங்கி முங்கிப் பழைய கட்டை அறுத்து வெளியே தள்ள, புதியதை உள்ளே செருக வேண்டும். ஒரு வரிசை எடுத்தால் ஒரு வரிசை, இல்லாவிட்டால் வீடு சாய்ந்துவிடும். தூச் அண்ணனுக்கு நீச்சல் தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது. நீச்சல் தெரியாமல் தெப்பத்தில் வந்திருக்கிறார்! பெரியம்மா அவர் இடுப்பில் கயிறு கட்டி, நம் ஊர்க் குழந்தைகளைக் கட்டுவதுபோல், தூணில் கட்டிவிட்டாள். "மாடு மாதிரிக் கட்டுறியே அக்கா" என்றார். "மாடுன்னா நீந்துமே" என்றாள். அப்படியே உட்கார்ந்து மூங்கில் கட்டுகளுக்குக் காட்டுக்கொடியால் முடிச்சுப் போட்டுத் தந்தார். அவர் முடிச்சு நம் முடிச்சைவிட நல்லது. கற்றுக்கொண்டேன்.

கடைசிக் கட்டு செருகிய அன்று ஏரி ஒரு முழங்கால் அளவுக்கு மேல் உயர்ந்திருந்தது. எல்லா வீடுகளும் எழும்பிவிட்டன. நம் வீடு எழும்பவில்லை. சேறு பிடித்திருந்தது. பெரியப்பா கட்டுக்கயிற்றை அவிழ்க்க வேண்டாம் என்றார், இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றார். நான் அவிழ்க்கச் சொன்னேன். எழும்பாவிட்டால் அவர்கள் வீட்டையும் இழுக்கும், அந்தக் கடனை நான் சுமக்க மாட்டேன். அவிழ்த்தார்கள். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் சமையலறையில் உட்கார்ந்தேன். நடுப்பகல். பலகையில் உள்ளங்காலை வைத்துக்கொண்டிருந்தேன்.

வண்ணி, முதலில் காலுக்குத்தான் தெரிந்தது. தூங்குகிறவர் புரண்டு படுப்பதுபோல் ஒரு அசைவு. பிறகு மேற்குப் பக்கம் எழுந்தது. பிறகு எல்லாம். பானைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. வெளியே தூச் அண்ணன்தான் முதலில் கத்தினார், மலைக்காரர், அவருக்கு என்ன தெரியும், வீடு போகிறது என்று பயந்து கத்தினார்.

நான் யாருக்கும் நன்றி சொல்லிப் பழகாதவள். செய்வது நானாகத்தான் இருந்திருக்கிறேன், வாங்குவது எப்படி என்று தெரியவில்லை. லூனிடம் நீ சொல். சரியான வார்த்தையைத் தேடு, நீ படித்தவள்.

இன்று ஊர் நகர்கிறது, நம் வீடு மறுபடி நாலாவது இடத்தில். தலையில் கூமார் வீட்டு இயந்திரப் படகு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பாண் அண்ணன் கயிற்றை எறிந்துவிட்டுப் பிடிக்கச் சொல்லிக் கத்துகிறார். எனக்குக் கை முழுதாக எழவில்லை என்றேன். "அதுக்கென்ன, அந்தக் கையால தூணப் பிடி, இந்தக் கையால கயித்தப் பிடி" என்கிறார்.

போகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
சோக்கிம்